பேசிய ஒரு மணி நேரம்

மார்ச் 4, 2025, செவ்வாய்

ஆறு சுற்று மருந்து முடிந்து, வயிற்றுக் கட்டிகள் கரைந்தனவா என்று பார்க்க இன்று பெட் ஸ்கேன். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். டெக்னீஷியன் உமேஷ் கன்னடத்திலும் தமிழிலுமாக, "மாத்தாடபேடி, பேசாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பக்கத்து நாற்காலியில் ஒக்கலிபுரத்து வள்ளியம்மா. மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். இந்த ஊசி எதற்கு என்று என்னைக் கேட்டார். முப்பத்துநான்கு வருடம் அறிவியல் நடத்தியவன் எப்படிச் சும்மா இருப்பது?

"கல்யாணப் பந்தியில கேசரி போடறாங்கன்னு வைங்கம்மா. புற்று செல் பேராசைக்காரன், மூணு ஆள் சாப்பாட்டை அவனே சாப்பிடுவான். யார் கையில கேசரி கலர் ஜாஸ்தியோ, அவன்தான் ஆளு. கேமரா அதைத்தான் பாக்குது."

"பசியோட வந்தவன் கையிலயும்தானே ஒட்டும்? அவனையும் புடிச்சிருவீங்களா சார்?"

நல்ல கேள்வி என்று பாராட்டினேன். பிறகு ஒரு மணி நேரமும் விளக்கிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

வயிறு தெளிவு. ஆனால் தொண்டையில் ஒளிர்கிறதாம், அங்கே பரவியிருக்கலாமாம். சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், குரல் கெடலாம் என்றார்கள். கெடலாம் — அவ்வளவு சாதாரணமாக.

மார்ச் 8

மகள் தாரணி தொம்மலூரிலிருந்து வந்துவிட்டாள். எனக்குத் தெரியாமல் அழுகிறாள்.

மார்ச் 10, திங்கள்

ஸ்கேன் பிரிவு டாக்டர் சஹானாவைப் போய்ப் பார்த்தோம். படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஊசி போட்டப்புறம் பேசினீங்களா சார்?"

"ஒரு மணி நேரமும்."

பேசினால் குரல்வளைத் தசை உழைக்கும். உழைக்கிற தசையும் சர்க்கரையை இழுக்கும். இரண்டு பக்கமும் சமமாக ஒளிர்வதால் அதுவாகத்தான் இருக்கும், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். வள்ளியம்மா கேட்டது இதைத்தானே. பாராட்டினேன், பதில் சொல்லவில்லை.

ஆனால் மூன்று நாள் — மூன்று நாள் செத்துப் பிழைத்தேன். இதை முன்னாலேயே சொன்னால் இவர்கள் வாயா தேய்ந்துவிடும்? அறிக்கை எழுதியவர் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

"உமேஷ் பேசாதீங்கன்னு சொல்லலையா?" என்றார் டாக்டர்.

"சொன்னார். ஏன்னு சொல்லலை."

வெளியே வந்ததும் தாரணி பிடித்துக்கொண்டாள். "காரணம் சொன்னாதான் கேப்பீங்களாப்பா? க்ளாஸ்ல நீங்க 'பேசாதே'ன்னப்ப எங்களுக்கெல்லாம் காரணம் சொன்னீங்களா?"

ஆட்டோ ஏறினேன். கோபம் இறங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் புகார்க் கடிதம் எழுதினேன், மூன்று பக்கம்.

மார்ச் 25, செவ்வாய்

மறு ஸ்கேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

தொண்டையில் ஒன்றுமில்லை. சதை எடுக்க வேண்டாம்.

அறிக்கை வாங்கப் போனபோது பார்த்தேன்: ஊசி போடும் அறையில் எட்டு நாற்காலிக்கும் உமேஷ் ஒருவர்தான் ஓடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, இன்னும் அனுப்பாத கடிதத்தில் அவர் பெயரை அடித்தேன். டெக்னீஷியன் சொன்னார், நான் கேட்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். மற்றபடி ஒரு சொல்லையும் குறைக்காமல் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.