நான் அழுத்திய கறுப்புக் கட்டை

நேற்று உங்கள் கிட்டார் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையும் துருப்பிடித்த கம்பி வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் அதைத் தொட்டதில்லை. மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா கேட்டதால்தான் திறந்தேன். அவளுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் இடத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும், கைப்பேசியைப் பார்த்து இரவல் கிட்டாரில் பழகுகிறாள்.

"முதல்ல தியரி கொஞ்சம் படிம்மா," என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி? மூணு கார்டு புடிக்கத் தெரிஞ்சா ஓட்டிக்கினு போய்டலாம்."

"உங்க லைன்ல எந்த போல்ட்டு எதுக்குன்னு தெரியாமத்தான் முறுக்குறியா?"

"எங்க சூப்பர்வைசர் மாதிரியே பேசுறீங்க!" என்று சிரித்தாள்.

நீங்களும் அப்படித்தான் சிரிப்பீர்கள். "காதும் கீது, விரலும் கீது, இன்னும் இன்னா வேணும்?" என்பீர்கள். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் அடி வாங்கி இசைக்குறிப்பு படித்தவள். நீங்கள் நாற்பது வயதில் கிட்டார் வாங்கி, மற்றவர்கள் விரல் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பழகியவர். அது குற்றமில்லை. பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

1991, கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலி. தண்டலம் கோயிலில் நான் ஆர்மோனியம், பக்கத்தில் நீங்கள் கிட்டார். வருகைப் பாடலைப் பாட வேண்டிய செல்விக்கு ஜலதோஷம். "அக்கா, மேல எட்டாது. ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்டாள்.

பாட்டு சி-யில் இருந்தது. சி-க்கும் பி-க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஒரு கட்டை என்றால் முழு இடைவெளி; இதுவோ பாதிதான். முழுதாக இறங்க வேண்டுமானால் பி-யையும் தாண்டி அடுத்த கறுப்புக் கட்டைக்குப் போக வேண்டும். ஆர்மோனியத்தைக் கண்ணால் பார்த்தாலே இது தெரியும். கிட்டாரின் கழுத்தில் தெரியாது. அங்கே எல்லாக் கட்டமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் அந்தக் கறுப்புக் கட்டையில் தொடங்கினேன். நீங்கள் எழுத்துகளை மட்டும் எண்ணினீர்கள். சி-யை பி ஆக்கினீர்கள், எஃப்-ஐ இ ஆக்கினீர்கள், ஜி-யை எஃப் ஆக்கினீர்கள்.

உங்கள் சத்தமும் என் சத்தமும் மோதியதில் செல்வி பாட்டையே நிறுத்திவிட்டாள். கோயில் நிறைய ஜனம். நீங்கள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: "பி-ன்னா வெள்ளைக் கட்டை. நீ ஏன் கறுப்பை அமுக்குற? கான்வென்ட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

பெண்கள் பக்கத்திலிருந்துகூடச் சிரிப்பு வந்தது. பாட்டு நடந்தாக வேண்டுமே என்று நான் வெள்ளைக் கட்டைக்கு மாறினேன். மாறியதே தவற்றை ஒப்புக்கொண்டது போலாகிவிட்டது. அப்போதும் உங்கள் மூன்றாவது கார்டு பொருந்தவில்லை; ஜி-யிலிருந்து எஃப் மட்டும் முழுதாக இறங்கியிருந்தது. அந்தப் பழியும் என் தலையில்தான் விழுந்தது.

அன்று மூடிய ஆர்மோனியத்தின் முன்னால் நான் மறுபடி உட்காரவில்லை. "யாருக்கும் ஞாபகம் இருக்காது, வாயேன்," என்று எத்தனையோ முறை கூப்பிட்டீர்கள். தெரியாமல் செய்தவர்தானே என்று மன்னித்துத்தான் உங்களோடு வாழ்ந்தேன்.

நேற்று பெட்டியின் உள்பையில் ஒரு தாள் கிடைத்தது. 1992 தவக்காலத்துச் சிலுவைப்பாதைப் பாட்டுத்தாள். அதன் பின்பக்கம் கட்டம் போட்டுப் பன்னிரண்டு சுரங்களையும் எழுதியிருக்கிறீர்கள். பி, சி நடுவில் ஒன்றுமில்லை. இ, எஃப் நடுவில் ஒன்றுமில்லை. அடியில், உங்கள் சாய்ந்த கையெழுத்தில், "அவள் வாசித்ததுதான் சரி."

மூன்றே மாதத்தில் கற்றிருக்கிறீர்கள். யாரிடம் கற்றீர்களோ, நல்ல ஆசிரியர்தான்.

தாளை எடுத்துக்கொண்டு, இப்போது குன்றத்தூரில் மகனோடு இருக்கும் செல்வியிடம் போனேன். அவள் திடுக்கிடவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா. அண்ணன் அந்தத் தவக்காலத்துலயே எங்க வூட்டுக்கு வந்து சொன்னாரு. 'அவகிட்ட சொல்லிடாதம்மா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா'ன்னாரு."

செல்வியிடம் சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்கிறது. இருபத்தேழு வருடம் தினமும் என் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்த வாய்.

இன்று காலை ஸ்டெல்லாவிடம் கிட்டாரைக் கொடுத்தேன். "எங்க பாதி, எங்க முழுசுன்னு ஒரு வாரம் உட்கார்ந்து படி. அழகா வாசிக்கிறதுக்கு இல்ல. தப்பு வந்தா அது யாரோடதுன்னு உனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சப்புறம் இன்னா பண்ணணும் ஆன்ட்டி?" என்றாள்.

அதைத் தியரி சொல்லித் தராது.

அந்தப் பாட்டு, கறுப்புக் கட்டையில் தொடங்கி, இன்னும் என் விரல்களில் அப்படியே இருக்கிறது. நீங்கள் செல்வியிடம் சொன்னதும் உண்மைதான். சொல்லிக் காட்டியிருப்பேன். ஒரு வருடம், சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டியிருப்பேன். அதற்குப் பிறகு இருபத்தாறு கிறிஸ்துமஸ், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருப்பேன்.