வழிவிட்டவளுக்கு

அடியே,

"அன்புள்ள தங்கைக்கு" என்று எழுத இன்று கை வரவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்காதே. நேரில் பேசினால் கத்திவிடுவேன்.

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு மாதம் கழித்து, நேற்றுத்தான் கூடைப்பந்துக் களத்தில் இறங்கினேன். தேர்வு ஆட்டத்தில் என்னைத் தடுக்க உன்னை நிறுத்தினார்கள். மூன்று முறை பந்தோடு உன்னைக் கடந்து கூடையில் போட்டேன். மூன்று முறையும் நீ அரை நொடி தாமதமாக நகர்ந்தாய். ஆளைத் தடுக்க உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என்னிடமா நடிக்கிறாய்?

பயிற்சியாளர் கைதட்டி, "நம்ம கேப்டன் திரும்பி வந்துட்டாங்கப்பா!" என்றார். எல்லோரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். நீ மட்டும் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாய்.

முழங்கால் வலிக்கவே இல்லை. மாடிப்படி ஏறத்தான் கொஞ்சம் நேரமாகிறது. அதைப் பார்த்துத்தானே பரிதாபப்பட்டாய்? உன் பரிதாபத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு.

இன்று காலை பயிற்சியாளரிடம் உள்ளதைச் சொன்னேன். அணிப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு, "சனிக்கிழமை இன்னொரு தடவை பாக்கலாம். உங்களைத் தடுக்க யாரை நிறுத்தட்டும்?" என்று கேட்டார். உன்னைத்தான் கேட்டிருக்கிறேன்.

வந்து ஒழுங்காகத் தடு. தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன். விழுந்தால் ஓடி வராதே, நானே எழுந்துகொள்வேன்.

எழவில்லை என்றால் மட்டும் வா.

இன்னும் கோபம் தீராத,
உன் அக்கா