சீர் என்று நான் சொன்ன கீறல்

மேல் டிவிஷன்,
ஹட்டன்.
17.06.2024

அன்பு மகள் சர்மிளாவுக்கு,

நானும் அம்மாவும் வேலைக்குப் போய் வரும் அளவுக்கு நலமாகத்தான் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் நேற்று போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து நலம் என்ற வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. இங்கே பத்து நாளாக விடாத மழை, தேயிலையில் கொழுந்து குறைவு, அம்மாவின் படங்கு காய்வதே இல்லை, ஈரத்தோடு இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மலைக்குப் போகிறாள். கேட்டால் எனக்கு மட்டுமா நனையுது என்கிறாள். நீ அழுததை அவளிடம் சொல்லவில்லை. பிஸ்டலைத் துடைக்கும் விஷயமாக உனக்கு எழுதப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். வீட்டுல ஒரு கோப்பை கழுவத் தெரியாது, பொலிஸ்கார மகளுக்குப் பிஸ்டல் கழுவச் சொல்லிக் குடுக்கிறாராம் என்று சிரித்தாள். உங்கள் விடுதியில் போன் பேசினால் சுற்றி நாலு பேர் கேட்கிறார்கள் என்றாயே, அதனால்தான் கடிதம். விடுமுறைக்கு வந்திருக்கும் பக்கத்து லயத்து வினோஜன் புதன்கிழமை நீ இருக்கும் ஊருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் உனக்குக் கிடைத்துவிடும்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். உன் பெயரில் கொடுத்த பிஸ்டலின் இடது பக்கத்தில், விசைக்கு மேலே, பிறை மாதிரி ஒரு கீறல். அதை இரண்டு பேர் கழற்றிப் பூட்டியிருக்கிறீர்கள், முதல் நாள் உனக்குக் காட்டித் தருகிறேன் என்று சார்ஜன், மறுநாள் நீ. இப்போது அந்த சார்ஜனே, நீதான் கீறினாய் என்று சிங்களத்தில் ஒரு கடதாசி எழுதி வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடு என்கிறார். சின்னக் கோடுதானேப்பா, போட்டுட்டா சனியன் முடிஞ்சிடும் என்று நீ சொன்னாய். முடியாது மகள். அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று இத்தனை வருடம் உனக்குச் சொன்னதில்லை.

கழற்றும் முன் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் கீறலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீ சொன்ன அடையாளத்தைப் பார்த்தால் அதுவும் நான் துடைத்த பிஸ்டலின் சாதிதான். பக்கவாட்டில் ஒரு குறுக்கு ஆணி, அதன் தலையில் நாக்கு மாதிரி ஒரு தகடு. கழற்றும்போது அது கீறாது, பூட்டும்போதுதான் கீறும். ஆணியைத் துளையில் விட்டுத் தகட்டைக் கீழேயிருந்து மேலே சுழற்றித் தள்ளினால் அதன் முனை இரும்பை உரசிக்கொண்டே போகும், அந்தப் பிறை அப்படித்தான் விழும். தகட்டை அது போய் உட்காரும் இடத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு, அங்கே இருக்கும் வில்லுக் குமிழை மெல்லிய எதையாவது வைத்து உள்ளே அமுக்கி, பெருவிரலால் நேராகத் தள்ள வேண்டும். நான் யோகட் கப்பை வெட்டி அந்தத் துண்டால்தான் அமுக்குவேன், துளையைச் சுற்றி இரண்டு பட்டை டேப்பும் ஒட்டிக்கொள்வேன். கீழே விரிக்கும் துணியை உதறி விரி, ஒரு மணல் இருந்தாலும் இரும்பில் கோடு விழும். இறுகினால் வெளியே எடுத்துத் திரும்பவும் வை, பலவந்தமாகத் தள்ளாதே. நீ எப்படிப் பூட்டினாய் என்று நிதானமாக நினைத்துப் பார். உன் கைக்குத் தெரியும்.

இதெல்லாம் தோட்டத்துத் துரையின் பங்களாவில் வேலை செய்தபோது பழகியது. உனக்கு ஏழு வயது இருக்கும், யுத்தக் காலம், பாதுகாப்புக்கென்று துரைக்கு ஒரு பிஸ்டல் கொடுத்திருந்தார்கள். தோட்டாவை அவர் எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வார், துடைப்பது என் வேலை. ஒரு நாள் மத்தியானம் குடித்துவிட்டு அவரே அதைப் பிரித்துப் பூட்டினார், கர் என்று சத்தம் கேட்டது, நான் மேசைக்குப் பக்கத்தில் கிளாஸோடு நின்றேன். அடுத்த வாரம் ஆயுதங்களைப் பரிசோதிக்க ஒரு அதிகாரி வந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. பிஸ்டலை என் முகத்துக்கு நேராக நீட்டி மேக்க ஸீரிலாத என்று கேட்டார். எனக்கு அப்போது கடைச் சிங்களம்தான் தெரியும். ஸீரிலா என்றால் கீறுப்பட்டிருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது? சீராக இருக்கிறதா என்று கேட்கிறார் என்று நினைத்து, ஔ சார், ஆமாம், சீர் என்றேன். உம்பத கெருவே என்றார். நீதான் செய்தாயா என்றால் துடைத்ததைத்தான் கேட்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்தி, மம தமய் சார், நான்தான் என்றேன். துரைக்குத் தமிழ் தெரியும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எங்களைத் தாயோடு சேர்த்துத் திட்டுகிற அளவுக்குத் தெரியும். நான் எதை நினைத்து சீர் என்றேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னேரம் சிங்களத்தில் ஒரு கடதாசி வந்தது, சும்மா ஒரு கணக்குக்குத்தான் ஆண்டியப்பன், கையெழுத்தைப் போடு என்றார் துரை, போட்டேன்.

மறுவாரமே என்னைப் பங்களாவிலிருந்து மலைக்கு அனுப்பினார்கள். நானாக விட்டு வந்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய். அதைவிடப் பெரிய பொய் இன்னொன்று இருக்கிறது. நம் லயத்து வீடுகளின் பின் சுவரில் வெடிப்பு விட்ட வருடம், அதைக் கட்டித் தரச் சொல்லி எல்லாரும் சேர்ந்து மனு எழுதினார்களே, நீ அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா மட்டும் ஏன் கையெழுத்து வைக்கல என்று கேட்டாய். இதெல்லாம் வேலைக்காகாது என்று உன்னை அதட்டினேன். நடந்தது வேறு. மனு எழுதுகிறோம் என்று தெரிந்ததும் துரை என்னை ஆபிசுக்குக் கூப்பிட்டு, அலுமாரியிலிருந்து அந்தப் பழைய கடதாசியை எடுத்து, நல்ல தமிழில் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். அனுமதி இல்லாமல் ஆயுதத்தை எடுத்துப் பிரித்தேன் என்று அதில் இருந்தது. ஒரு தோட்டத்துத் தமிழன் யுத்தக் காலத்தில் அப்படி ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்திருந்தால் அவனை எங்கே கொண்டுபோவார்கள் என்று நமக்குத் தெரியாதா. யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் அந்தப் பயம் எனக்குப் போகவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன், என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் பின்வாங்கினார்கள். ஐப்பசி மழையில் சுவர் சரிந்தது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் காளியாயி அக்காவின் இடுப்பு உடைந்தது. அவர் இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு அந்தக் கீறலும் என் கையெழுத்தும் காரணம்.

இதை உனக்கு எழுதும் முன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இன்று காலை போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, நீ கையெழுத்து வச்சிருந்தா மட்டும் அவனுங்க சொவரக் கட்டியிருப்பானுங்களா ஆண்டி என்றார். எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், கூப்பிட்டு, ஆனாலும் நீ வச்சிருக்கணும் என்றார்.

அதனால் சொல்கிறேன், கேள். உன் கைதான் கீறியது என்றால் கீறினேன் என்று நீயே எழுது, அதற்குரிய தண்டனையை வாங்கிக்கொள், அதில் அவமானம் இல்லை. உன் கை இல்லை என்றால் யார் மிரட்டினாலும் போடாதே. இரண்டில் எதுவானாலும் அடுத்தவன் எழுதியதில் உன் பெயர் இருக்கக் கூடாது. தமிழில் எழுதித் தருகிறேன் என்று சொல், அது உன் உரிமை. பிஸ்டலை உனக்குத் தந்த தேதி, சார்ஜன் பிரித்த தேதி, நீ பிரித்த தேதி எல்லாவற்றையும் எழுதி, ஒரு பிரதி உன்னிடம் வைத்துக்கொள். உனக்குச் சிங்களம் வாசிக்க வரும், என்னை மாதிரி இல்லை. எனக்கு வராமல் ஏமாந்தேன். வந்தும் நீ கண்ணை மூடிக்கொண்டு போட்டால் நான் என்னவென்று சொல்வது? வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா, இருப்பதைச் சாப்பிடலாம். உன் கையெழுத்தை ஒருவன் அலுமாரியில் வைத்துக்கொண்டு உன்னை ஆட்டிவைக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா உனக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு திருநீறு மடித்துத் தந்திருக்கிறாள், கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். வெள்ளிக்கிழமை எது நடந்தாலும் பின்னேரம் எனக்குப் போன் எடு, யார் கேட்டாலும் பரவாயில்லை, சத்தமாகப் பேசு.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடும்
உன் அப்பா
ப. ஆண்டியப்பன்