மூடி மேல் வைத்த பொட்டு

வல்லம் வடகால்
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் ஜீவானந்தத்துக்கு,

அம்மா பாஞ்சாலி எழுதுகிறேன். நானும் உன் தங்கச்சி சசியும் இங்கே சுகம். நீ குஜராத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும் என்று சாமியிடம் சொல்லாத நாள் இல்லை. அங்கே பருப்பில்கூட சர்க்கரை போடுகிறார்கள் என்று சொன்னாயே, அதனால் பூண்டு ஊறுகாயும் இட்லிப் பொடியும் லீவு முடிந்து அங்கே திரும்புகிற பிரவீனிடம் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடுதாசியும் அந்தப் பையில்தான் இருக்கும். போனில் அப்பா பேச்சு வந்தாலே டவர் இல்லை என்று நீ வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படி வைக்க முடியாது இல்லையா. அஞ்சாவது படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

விஷயம் அப்பா வண்டியைப் பற்றித்தான். பழைய வண்டி வாங்கி விற்கிற நயினாரிடம் பேசி முடித்துவிட்டேன், ஆயுத பூஜைக்கு முன்னால் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்றாய். ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போகிறீர்கள், சசி வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்றாய். எங்கள் மேல் உள்ள கவலையில் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அவரை வர வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. ஏன் என்று எழுதுகிறேன்.

அந்த வண்டி சசியைப் படுத்திய பாட்டை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. காலையில் ஒரே உதையில் கிளம்பும். ஸ்ரீபெரும்புதூர் வரை பூப்போலப் போகும். பெங்களூர் ரோட்டில் ஏறினதும் விக்கல் எடுத்த மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும், டப்பு டப்பென்று மிஸ்ஸிங் அடிக்கும், பின்னால் கண்டெய்னர் லாரி ஆரன் அடிக்க அடிக்க நின்றுவிடும். தள்ளி ஓரம் கட்டி, கொஞ்ச நேரம் விட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். சில நாள் நிற்கவே நிற்காது. அதுதான் பெரிய தொல்லை. இன்னொரு தரம் லேட்டாக வந்தால் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி எழுத மாட்டேன் என்று அவள் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை கம்பெனி லைனில் நின்று நின்று கால் வீங்கிப் போய் சம்பாதித்த பெயர் அது.

வேல்ராஜ் கடையில் விட்டோம். பிளக் மாற்றினார், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக் வயரும் மாற்றினார். அவர் ஓட்டிப் பார்த்தால் மட்டும் குதிரை மாதிரி ஓடுகிறது. "மதினி, உங்க வண்டி என் கடைக்கு வந்தா நல்ல பிள்ளையா இருக்கு. வீட்டுல நீங்கதான் ரொம்ப ஏசுறீகளோ" என்று கேலி வேறு. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். வேறு பங்கில் டேங்க் நிறையப் போட்டாள். நிறையப் போட்ட அன்றைக்குத்தான் ஜாஸ்தியாக நின்றது. அதற்கு அப்புறம்தான் நான் உன்னிடம் வண்டி ஓடவில்லை என்று சொன்னது, நீயும் நயினாரிடம் பேசியது.

போன வாரம் கேன்டீனில் எனக்கு லீவு. எங்கே நிற்கிறது என்று என் கண்ணால் பார்க்கிறேன், பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். "நீ இன்னாம்மா, மெக்கானிக்கா? உன் வெயிட்டுக்கு வூட்டு வாசல்லியே நின்னுடும்" என்றாள். ஆனாலும் ஏற்றிக்கொண்டாள்.

இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால் நின்றது. பிள்ளை கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது, பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று சாவி போட்டு மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று உள்ளே காற்றை இழுத்தது. ரொம்ப நேரம் அழுத குழந்தை மூச்சு வாங்கும் பார், அந்த மாதிரி. மூடிவிட்டு உதைத்தாள், கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை மூடியைத் திறக்காதே, உதை என்றேன். உதைத்து உதைத்துப் பார்த்தாள், வரவில்லை. மூடியைத் திறந்தேன். உஸ். உடனே கிளம்பியது.

கேன்டீனில் எண்ணெய் டின்னைத் திறக்கும்போது ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் குபுக் குபுக்கென்று விட்டு விட்டுத்தான் விழும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று போய், எண்ணெய் நீளமாக விழும். வண்டிக்கும் அப்படித்தானே இருக்கும். வேல்ராஜும் ஒவ்வொரு தரமும் பெட்ரோல் பார்க்க முதலில் மூடியைத்தான் திறந்திருக்கிறார். அப்புறம் எப்படி அவரிடம் நிற்கும்.

காற்று போகிற வழி அந்த மூடியில்தான் இருக்க வேண்டும். அதன் மேல் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். போன ஆயுத பூஜைக்கு அப்பா கெட்டியாகச் சந்தனம் குழைத்து, கட்டை விரலால் அழுத்தி வைத்தாரே, அந்தப் பொட்டு. வண்டிக்கு இன்னாப்பா, கல்யாணமா என்று நீகூடச் சிரித்தாய். தை மாதம் அவர் போய்விட்டார். வைகாசியில் ஒரு மழை பெய்து பொட்டு ஓரத்தில் கரைய ஆரம்பித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. சாவி போகிற இடத்தை மட்டும் விட்டு, மேலே செலோ டேப் ஒட்டிவிட்டேன். வண்டிக்கு விக்கல் எடுக்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். அந்த ரோட்டு ஓரத்தில் நிற்கும்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

சசிக்கும் புரிந்துவிட்டது. எடுக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் டேப்பை உரித்தேன். சந்தனம் அப்படியே அதோடு வந்தது, விரல் ரேகைகூட அழியாமல். கீழே ஊசி முனை அளவு ஒரு ஓட்டை அடைபட்டிருந்தது. கொண்டை ஊசியால் குத்தி எடுத்து, முந்தானையால் துடைத்தேன். அப்புறம் அவள் கேட் வரைக்கும் வண்டி நிற்கவே இல்லை.

வேல்ராஜிடம் சொன்னபோது நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்த டேப்பை நானும் பாத்தேன் மதினி. அண்ணாச்சி கை பட்டதுன்னு தொட மனசு வரல" என்றார். யாரைக் குறை சொல்வது. அந்த டேப்பை அப்பா போட்டோவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். அங்கே அதனால் எதுவும் நிற்காது.

இப்போது சசி நேரத்துக்குப் போகிறாள். புது வண்டியா என்று சூப்பர்வைசரே கேட்டாராம். இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. சசி சுடிதாரை மாட்டிக்கொண்டு நானும் சிப்காட் காலி ரோட்டில் ஓட்டப் பழகுகிறேன். இரண்டாவது கியர் வரை வந்துவிட்டேன். மூன்றாவது போடச் சொல்லிக் கத்துகிறாள். போடுவேன்.

அதனால் நாங்கள் அங்கே வரவில்லை ராசா. நீதான் வர வேண்டும். காரியம் முடிந்து போனவன், இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பா செருப்பு வாசலில் இல்லை, எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். நீ தைரியமாக வரலாம். ஆயுத பூஜைக்கு லீவு சொல். சந்தனம் நான் குழைத்துத் தருகிறேன், வண்டிக்குப் பொட்டு நீ வை. மூடி மேல் வேண்டாம், முன்னால் லைட்டின் மேல் வை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் ஒரு போன் பண்ணு. வண்டி வழியில் எங்கேயும் நிற்காமல் வந்துவிடும்.

நூறு வயசு நல்லா இரு சாமி.

இப்படிக்கு,
உன் அம்மா
ந. பாஞ்சாலி