முந்திரிக்காடு தாண்டாத பெட்டி

1949 மே 15, ஞாயிறு இரவு.

இந்த ஜனங்களுக்குக் காது எதற்கு என்றே தெரியவில்லை. ஆண்டிமடம் பக்கம் ஒரு கல்யாணம். திருச்சியில் வாங்கிய புது ஒலிபெருக்கிப் பெட்டியை இன்றுதான் முதன்முதலாக வைத்தேன். வீணையின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. பெண்ணின் அப்பா சின்னசாமி முகத்தைச் சுளித்தார்.

"பாட்டு பந்தலத் தாண்டலையே தம்பி. பழைய குழாயக் கட்டுங்க."

"அது தகர டப்பா மாதிரி கத்துமுங்க."

"கத்தட்டும். முந்திரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் கேக்கணும்."

அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் வீடு. வரப்புத் தகராறில் நான்கு வருஷமாகப் பேச்சில்லை. கல்யாணப் பத்திரிகைகூட வைக்கவில்லை. அண்ணனை வயிறெரியச் செய்யத்தான் இந்தக் கூத்து என்று நினைத்தேன். அற்ப புத்தி.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் கிடந்த பழைய குழாய் ஒலிபெருக்கியை எடுத்துப் புளியமரத்தில் கட்டி, அந்தத் திசைக்குத் திருப்பினேன். ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி அது மூக்கால் பாடியது. பந்தலில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ரசனை கெட்ட கூட்டம்.

இரண்டாவது இசைத்தட்டு முடிவதற்குள் அண்ணன் வந்துவிட்டார். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சின்னசாமி எழுந்து நின்றார். அவரைப் பார்க்காமல் அண்ணன் நேரே என்னிடம் வந்தார்.

"விடியக்காலையிலேயே குளிச்சிட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். குழாய் கட்ட இவ்வளவு நேரமா?"

பக்கத்திலிருந்த பெட்டியை என் துண்டால் மூடினேன்.