டிக்கியில் கிடந்த பொரி

புதன், இரவு

காலையில் கார் கிளம்பவில்லை. பானட்டைத் தூக்கினால் எலி வயரைக் கடித்துப்போட்டிருந்தது. வந்த கோபத்தில் நேராகப் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவிடம் போனேன். அவர்தான் தினமும் மதில்மேல் தட்டு வைத்துப் புறாக்களுக்குக் கம்பு போடுகிறவர்.

"ஏனுங்க அக்கா, நீங்க கம்பைப் போட்டு எலியைத்தானுங்க வளத்தறீங்க. எங்க காரு போச்சுங்க."

தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு 'ங்க' குறையாமல்தான் பேசினேன். மரியாதையாகவே அவர் மானத்தை வாங்கிவிட்டேன்.

அவர் உள்ளே போய்விட்டார். சாயந்திரம் வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். "புகையிலைங்க தம்பி. பானட்டுக்குள்ள கட்டி வெச்சா எலி அண்டாதுன்னு சொல்றாங்க. கம்பு இனிமே போடலைங்க."

புகையிலையைக் கட்டப் பழைய துணி தேடி டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஆயுத பூஜைப் பொரிப் பை. பையில் ஓட்டை. சுற்றிலும் பொரி, பொட்டுக்கடலை, எலிப் புழுக்கை. அன்றைக்குத் தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டு மிச்சத்தை நான்தான் அங்கே வைத்து மறந்திருக்கிறேன். அக்காவுக்கும் இரண்டு கை அள்ளிக் கொடுத்த அதே பை.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். பையைச் சுருட்டி எடுத்துப்போய் அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டேன். திரும்பி வரும்போது அக்கா தன் வாசலில் நின்றிருந்தார்.

"கட்டிட்டீங்களா தம்பி?"

"கட்டிட்டேனுங்க அக்கா."

கம்புத் தட்டைக் கழுவி மதில்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். என் ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரிகிறது. அறை புழுங்குகிறது. இருந்தாலும் சாத்தியே வைத்திருக்கிறேன்.