கதவில் எழுதியிருந்த நாடி

அன்றைக்கு நடு அறையில் இருந்தவர்கள்: நீங்க, நான், பேத்தி காயத்ரி, அவளைப் பெத்த நம்ம மகன் முருகேசன், காப்பித் தம்ளரோடு வாசலில் நின்ற மருமகள் செல்வி. எண்ணிச் சொன்னதில் ஒருத்தரையும் விடவில்லை.

இன்று காலை விருதுநகர் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடிக்கும் முன்னே ஒரு நர்சம்மா தன் உள்ளங்கையில் மருந்துத் தண்ணீரைத் தேய்த்தாள். சாராயமும் எலுமிச்சையும் கலந்த மாதிரி அந்த வாடை. பிரசர் பார்த்து எழுதிக்கொண்டாள். அங்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பேத்தியும் அப்படித்தான் தேய்ப்பாள். வெளிநாட்டில் டாக்டராக வேலை பார்க்க ஒரு பரீட்சை. அதில் நோயாளி மாதிரி நடிக்க ஆள் வைப்பார்களாம். வீட்டில் அவள் பழகிப் பார்க்கும்போது அந்த ஆள் நீங்க. கதவில் ஒரு தாளை ஒட்டி, நோயாளிக்கு என்ன கோளாறு, நாடி எம்புட்டு, பிரசர் எம்புட்டு, மூச்சு எம்புட்டு என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். அதை நம்பித்தான் உள்ளே போகணும். மறுபடி எடுத்துப் பார்த்தால் நேரம் போயிரும். இதெல்லாம் முருகேசன் கம்ப்யூட்டரில் பார்த்துப் படித்து வைத்தது. பரீட்சைக்குப் போகிறவளைவிட அவனுக்குத்தான் கறார் அதிகம். போனில் நேரம் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான்.

உங்களுக்கு அது பிடித்துப் போனது. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் ஆயுசைக் கழித்தவுக நீங்க. அங்கே ஒவ்வொரு ரூம் வாசலிலும் உள்ளே எத்தனை பேர், எவ்வளவு வெடிமருந்து என்று எழுதியிருக்கும். அதை ஒருநாளும் மீறினதில்லை. அதனால்தான் பத்து விரலோடு வீடு வந்தீக. கதவில் எழுதியிருந்தால் உங்களுக்கு அது சட்டம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லணும், தானாக எதையும் சொல்லக்கூடாது என்று மகன் சொன்னதையும் அப்படியே பிடித்துக்கொண்டீக. நான் கேலி செய்தால், "கேக்காமச் சொன்னா பிள்ளைக்கு மார்க்கு போயிரும்ல" என்பீக.

அன்றைக்குத் தாளில் முழங்கால் வலி மட்டும். நாடி, பிரசர், மூச்சு எல்லாம் சரி என்று எழுதியிருந்தது. அவள் கதவைத் தட்டி உள்ளே வந்தபோதே உங்கள் பனியன் வேர்வையில் நனைந்திருந்தது. செல்வி ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, "மாமா இன்னைக்கு நல்லா நடிக்காக" என்றாள். காயத்ரி முழங்காலைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்து, வேறு எங்கேயாவது வலிக்கிறதா என்றாள். நீங்க மகன் முகத்தைப் பார்த்தீக. பிறகு, "இல்ல டாக்டரம்மா."

அவள் நம்பவில்லை. உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினாள். முருகேசன் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கதவுல எழுதியிருக்குல்ல. தொடாத. நேரம் போகுது" என்றான்.

"இல்லப்பா, தாத்தாவுக்கு..."

"பரீட்சை ரூம்லயும் அப்பான்னு கூப்பிடுவியா? மேல கேளு."

நீண்ட கை திரும்பிப் போனது.

அவன் போனில் மணி அடித்தது. எப்போதும் மணி அடித்ததும் "பாசா?" என்று நீங்கதான் முதலில் கேட்பீக. கேட்கவில்லை. நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டீக. சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கார் போய்ச் சேரும் முன்னே முடிந்தது. மாரடைப்பு என்றார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்றும் சொன்னார்கள்.

காயத்ரி பாஸாகிப் போய்விட்டாள். பரீட்சையில் கதவுத் தாளைப் படித்த பிறகும் ஒவ்வொரு ஆள் கையையும் பிடித்துப் பார்த்ததாகப் போனில் சொன்னாள். "நேரம் போச்சு அப்பத்தா. போகட்டும்னு விட்டுட்டேன்." அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

மகன் வருகிறவர்களிடமெல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்கிறான். அந்தக் கை நீண்டதையும் திரும்பினதையும் சொல்வதில்லை. மறந்துவிட்டானோ என்னவோ. நான் மறக்கவில்லை. அழுகையும் வரவில்லை. சோறு போடுகிறேன், சளி பிடித்தால் கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன். பெத்த பிள்ளை, அதெல்லாம் செய்வேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், நீங்க பேர் வச்ச முருகேசனை.